டி.ஏ.சி. பெட்டிக்குக் கட்டிய வெள்ளைக்கொடி

வட்டவளை,
மழை விடாத ஒரு திங்கட்கிழமை.

அன்பு மைத்துனர் நிரஞ்சனுக்கு நாகலிங்கம் எழுதும் மடல். இங்கே நானும் உங்கள் அக்கா யோகேஸ்வரியும் எங்கள் மழையும் சுகம். கட்டாரில் நீங்களும் பிரேமினியும் உங்கள் வெயிலும் அதேபோல் சுகமாயிருக்க முருகனை வேண்டுகிறேன். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் என்னைப் பேச விடுவதில்லை, மாப்பிள்ளை.

போன தீபாவளிக்கு நீங்கள் தந்த டி.ஏ.சி. பெட்டி, அதாவது போனுக்குள் வெறும் எண்களாகக் கிடக்கிற பாட்டைக் காதுக்குச் சத்தமாக மாற்றித் தருகிற அந்தச் சின்னப் பெட்டி, அதை நான் திறந்துவிட்டேன். "தொறக்காதீங்க மச்சான், தொறந்தா வர்ற தீபாவளிக்கு நானே திருப்பி எடுத்துக்கிட்டுப் போயிருவேன்" என்று நீங்கள் சொன்னது மறக்கவில்லை. உங்கள் அக்கா அதற்கும் மேலே. "அந்தப் பொட்டி பாடுனா என்ன, பழைய ரேடியோ பாடுனா என்ன, ஒங்க காதுக்கு ரெண்டும் ஒண்ணுதானே? தம்பி வரட்டும், குடுத்து அனுப்பிர்றேன்" என்று தினமும் பாட்டுப் பாடினாள். அதற்காகச் சும்மா இருக்க முடியுமா? பொல்பிட்டிய மின்நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கிளாக்கர்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் அத்தனை கரண்டுக்கும் ஃபைல் என் மேசையைத் தாண்டித்தானே போனது.

முதல் வேலையாக, பெட்டியோடு வந்த அடப்டரைத் தூக்கிப் போட்டேன். அதில் வருவது அழுக்குக் கரண்ட். பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய, தேங்காய் கனத்தில் ஒரு ட்ரான்ஸ்ஃபோமரைக் கொடுத்தேன். உள்ளே கடுகு கடுகாக இருந்த கப்பாசிட்டர்களைப் பிடுங்கிவிட்டு, ஹட்டன் டவுனில் கிடைத்த கொழுத்த கப்பாசிட்டர்களை ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். அதன்பிறகு மூடி மூடவில்லை, அது கிடக்கட்டும். வேண்டாத இரைச்சல் உள்ளே புகாதபடி தேயிலைப் பாக்கெட்டின் வெள்ளித்தாளைச் சுற்றினேன். பெட்டி செய்த கம்பெனிக்காரனுக்கு இந்த யோசனை வந்திருக்காது, பாவம், அவன் ஊரில் தேயிலை ஏது?

போட்டுப் பார்க்கத் தப்பு மேளத்தை விட நல்ல சத்தம் உண்டா? நம் தோட்டத்து லயத்து வீடுகளில் இருக்கிற சின்னத்தம்பி அடித்த சாமி அடி, கல்யாண அடி, சாவு அடி எல்லாவற்றையும் போனில் பதிந்து வைத்திருந்தேன். போன புதன்கிழமை காலை உங்கள் அக்கா சாமான் வாங்க ஹட்டனுக்குப் போன நேரம் பார்த்து, ஸ்பீக்கர்களுக்கு எதிரே சாய்ந்து, சாவு அடியைத் தேர்ந்து, சுவிட்சைப் போட்டுக் கண்ணை மூடினேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு வந்தது பாருங்கள் சத்தம்! ஸ்பீக்கர் இரண்டும் முன்னால் இருக்கின்றன, தப்போ எனக்குப் பின்னால் கேட்கிறது! தப்பின் தோலுக்குச் சூடு காட்ட எரிக்கிற தேயிலை மிலாறுச் சுள்ளியின் வாசம்கூட வருகிறது, மாப்பிள்ளை, அவ்வளவு தத்ரூபம். சற்றுப் பொறுத்து, அந்தப் பதிவில் நான் அதுவரை கேட்டேயிராத ஒரு பெண்குரல் ஒப்பாரி வைத்தது. ஆகா, கப்பாசிட்டர் வேலையைக் காட்டுகிறது, ஒளிந்துகிடந்த குரலெல்லாம் வெளியே வருகிறது என்று சொக்கிப்போனேன். "பொல்பிட்டி கரண்டையெல்லாம் பூட்டி வச்ச எஞ்சாமி" என்று அந்தக் குரல் இழுத்தபோதுதான் கண்ணைத் திறந்தேன்.

வீடு நிறைய ஆட்கள். மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள், கிளாக்கரய்யா வீட்டில் சாவு அடி கேட்கிறதே என்று கூடையை இறக்கிவிட்டு ஓடி வந்திருக்கிறார்கள். தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். மரண உதவிச் சங்கத்துக்காரர்கள் ஆட்கள் உட்காரக் கதிரைகளை இறக்கி, ரோட்டிலிருந்து வாசல்வரை சாவு வீட்டுக்குக் கட்டுகிற வெள்ளைக்கொடியும் கட்டி முடித்துவிட்டார்கள். பக்கத்து லயத்து ராக்காயி என் காலடியில் தலைவிரித்துக் கிடக்கிறார். "யாரு தவறிப்போனது?" என்று கேட்டேன். "ஐயோ, பேசுறாரே!" என்று அலறிக்கொண்டு கண்டாக்கையாவின் மேலேயே போய் விழுந்தார்.

இந்த நேரம் பார்த்து உங்கள் அக்கா பஸ்ஸை விட்டு இறங்கி, கொடியைப் பார்த்து, பையையும் செருப்பையும் ரோட்டிலேயே போட்டுவிட்டு ஓடி வந்தாள். என்னை உயிரோடு பார்த்ததும் என் தோளில் ரெண்டு போட்டாள், பிறகு கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். நான் விஷயத்தைச் சொன்னதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்: "இவரு கையால செஞ்ச பொட்டிங்க. நெசத் தப்புக்கும் அதுக்கும் வித்தியாசமே தெரியலதானே?" எல்லோரும் இன்னொரு தடவை போடச் சொன்னார்கள். "வேணாங்க கிளாக்கரய்யா, திரும்ப அடிச்சா நெசமாவே ஆகிப்போகும்" என்று ராக்காயி தடுத்துவிட்டார். அதனால் அன்றிலிருந்து பெட்டியைத் தொடவில்லை.

இனிச் சொல்லுங்கள், அந்தக் கம்பெனிக்காரன் செய்த எந்தப் பெட்டிக்காவது ஒரு மலையே வேலையை விட்டு இறங்கி வந்திருக்கிறதா? ஆகவே தீபாவளிக்குப் பெட்டியைக் கேட்டு வராதீர்கள், பலகாரம் கேட்டு வாருங்கள். பிரேமினிக்கு எங்கள் அன்பு. இருவரும் நோய்நொடி இல்லாமல், நல்ல காதோடு நீடு வாழ ஆசீர்வதிக்கும்,

நாகலிங்கம்.

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் சின்னத்தம்பி தலையைச் சொறிந்துகொண்டு வந்து நிற்கிறார். "கோவிச்சுக்காதீங்கய்யா. அன்னைக்கு மழைக்கு ஒதுங்கி, ஒங்க வீட்டுப் பின்பக்கக் குசினிக் கூரைக்கு அடியிலதான் மிலாறு மூட்டிப் புதுத் தோல்ல சாவு அடி அடிச்சுப் பாத்தேன். கூட்டத்தப் பாத்ததும் பயந்து ஓடிட்டேங்க" என்கிறார். உள்ளே போய்ப் பெட்டியின் வெள்ளித்தாளைப் பிரித்துப் பார்த்தேன். சுவிட்சைப் போட்ட அந்தக் கணமே கருகியிருக்கிறது. தயவுசெய்து அக்காவிடம் மூச்சு விடாதீர்கள். கல்யாணம் கட்டிய நாள் முதல் அவள் என்னைப் பற்றி ஊரில் பெருமையாகப் பேசி நான் கேட்டதில்லை. இப்போது மஸ்கெலியாச் சொந்தக்காரர்களை எல்லாம் பெட்டியின் பாட்டைக் கேட்க ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறாள். பயப்பட ஒன்றுமில்லை, சின்னத்தம்பியிடம் பேசிவிட்டேன். அன்றைக்கும் அதே குசினிக் கூரைக்கடியில்தான், ஆனால் சாமி அடி.