நாட்டுத்தன்மை போதாது

தெற்கு பிரான்சில் கொர்பியேர் மலைப் பக்கம் சிவப்பு ஒயின் போடுகிற எல்லோருக்கும் ஒரு சட்டம் உண்டு. புட்டியில் ஊர்ப்பெயர் இருக்க வேண்டுமானால், அது அந்த ஊர் ஒயின்தான் என்று வெளியூர்க்காரர் ஒருவர் சொல்ல வேண்டும்.

அந்த வெளியூர்க்காரர் தெலப்லாஸ் என்கிற அதிகாரி. நொயெலி வீட்டு ஒயினை இரண்டு வருடமாகத் திருப்பி அனுப்பிவிட்டார். "சுவை நன்று. ஆயினும் நாட்டுத்தன்மை போதாது" என்று கடிதம். மூன்றாம் முறையும் தள்ளினால் ஊர்ப்பெயர் போய்விடும். அப்புறம் அத்தனை பீப்பாயையும் வினிகர் போடுகிற காடிக்காரனுக்குத்தான் ஊற்ற வேண்டும்.

பாரிசில் இப்போது முரட்டு ஒயின்தான் மோஸ்தர். தொண்டையில் இதமாக இறங்கினால் கிராமத்தான் ஏமாற்றுகிறான் என்று பொருள். விதி பதினான்கின்படி குதிரை லாயத்து வாசனையும் வரவேண்டும். நொயெலியின் புருஷன் ஃபுல்க்ரான் டிராக்டர் வாங்கி இருபது வருடம் ஆகிறது. அதற்குச் சாணி போடத் தெரியவில்லை.

வயிறு நிறைந்தால் மனசு இளகும் என்று, கிறிஸ்துமஸ் மத்தியான விருந்துக்கே அதிகாரியை அழைத்துவிட்டாள் நொயெலி. காட்டுப்பன்றித் தொடையைப் பூண்டும் தைம் இலையும் போட்டு இரண்டு நாள் ஒயினில் ஊறவைத்து, கறியை அடுப்பில் ஏற்றியாயிற்று. கறி ஊறிய ஒயினை வடித்து ஒரு கூஜாவில் வைத்திருந்தாள். குடிக்கிற ஒயின் பக்கத்துக் கூஜாவில்.

பதற்றத்தில் ஃபுல்க்ரான் எதைத் தூக்கினான் என்பதை, அதிகாரி மூக்கைக் கிண்ணத்துக்குள் விட்டபிறகுதான் நொயெலி பார்த்தாள்.

அதிகாரி கண்ணை மூடினார். வாயில் வைத்துக் கொப்பளித்தார்.

"ரத்தம்," என்றார் மெதுவாக. "தோல். ஈரமான காடு. அம்மா, இத்தனை நாள் இதை எங்கே ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

"சமையல்கட்டுலதாங்க ஐயா."

"எப்படிச் செய்யறீங்க?"

பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. "பன்றி ரெண்டு நாள் ஊறுதுங்க."

அவர் நெகிழ்ந்துபோனார். படிக்காத ஜனங்கள் வாயில் என்ன கவிதை என்று வியந்து, அதை அப்படியே கோப்பில் எழுதி முத்திரை குத்தினார். கோப்பில் ஏறினால் கவிதையும் விதிதான். சித்திரை பிறப்பதற்குள் சுற்றறிக்கை வந்துவிட்டது: பீப்பாய்க்கு ஒரு பன்றி, நாற்பத்தெட்டு மணி நேரம், எலும்புடன்.

"உன் வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்தியா?" என்று ஊரே அவளைத் திட்டியது. திட்டிக்கொண்டே ஊறவைத்தது. விலையும் ஏறியது. மலையில் பன்றி தீர்ந்தது.

அடுத்த கிறிஸ்துமஸுக்குக் கறி எல்லாம் பீப்பாயில். தட்டில் வெறும் கிழங்கு. குறைந்தபட்சம் குடிக்கவாவது நல்லது இருக்கட்டும் என்று, மூன்று வருடத்துக்கு முந்தைய சுத்தமான புட்டி ஒன்றைத் தேடி எடுத்துத் திறந்தாள் நொயெலி.

ஃபுல்க்ரான் ஒரு வாய் குடித்தான். முகம் சுளித்தான்.

"என்னமோ குறையுதேடி இதுல."

இவனுக்கு நாக்கு செத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டே நொயெலி தன் கிண்ணத்தை எடுத்துக் குடித்துப் பார்த்தாள்.

குறையத்தான் செய்தது.