கோபுரம் நேராக விழுந்த படம்

பொறியியல் படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. பட்டியல் போட்டுவிட்டாலே பாதி வேலை முடிந்ததாக நம்புவோம். அக்கா அமுதாவின் கல்யாண வரவேற்பைப் படமெடுக்க நான் எட்டு வரிப் பட்டியல் போட்டிருந்தேன். (எட்டிலும் டிக் விழுந்தது. அதுதான் சோகம்.)

அது 2006. நாங்கள் கடலூர், இந்துக் குடும்பம். மாப்பிள்ளை ஜெரால்டுக்கு ஊர் சிதம்பரம், கிறிஸ்தவர். காதல் கல்யாணம். அப்பாவும் சம்பந்தியும் நேருக்கு நேர் பேசுவதில்லை. எல்லாம் ஜெரால்டு வழியாகத்தான். அக்கா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "ரெண்டு குடும்பமும் ஒண்ணா நிக்கிற மாதிரி ஒரே ஒரு படம் எடுத்துக் குடுடி. அது போதும்."

சிதம்பரத்து மண்டபத்தின் மொட்டை மாடியில், பின்னால் கோபுரம் தெரிய நிற்கலாம் என்றார் அப்பா. சம்பந்தி ஜெரால்டிடம் சொன்னது எனக்கும் கேட்டது: "தாராளமா நிக்கலாம். ஆனா கோபுரம் நேரா விழணும்டா. சாஞ்சி விழுந்துச்சின்னா நாமதான் தள்ளிவுட்டோம்பாங்க."

நியாயமான பயம். கேமராவை அண்ணாந்து பிடித்தால் உயரமான எதுவும் பின்னால் சாயும். அதற்கென்றே டில்ட்-ஷிஃப்ட் லென்ஸ் இருக்கிறது. கேமராவை நேராகவே வைத்து, லென்ஸை மட்டும் மேலே நகர்த்தலாம். அதே லென்ஸைச் சாய்த்தால் ஒரு பட்டை மட்டும் தெளிவாகி, மற்றதெல்லாம் கரைந்துபோகும். சென்னையிலிருந்து வாடகைக்கு எடுத்துவந்தேன்.

அன்று காலை கடலூர் துறைமுகத்தில் லென்ஸைச் சாய்த்துப் பார்த்தேன். படகுகள் பொம்மைகளாயின. வலை உதறுகிறவர்கள் விரல் நகத்தளவு ஆனார்கள். கடல், யாரோ தட்டில் ஊற்றிவைத்த நீலம். உலகத்தை இவ்வளவு சின்னதாக, இவ்வளவு சாதுவாக நான் பார்த்ததே இல்லை. அந்தக் கிறக்கத்திலேயே பையை மூடினேன். சாய்வை நிமிர்த்தவில்லை. பட்டியலில் 'நகர்த்து' இருந்தது, 'நிமிர்த்து' இல்லை.

மாலை வெயிலில் நாற்பது பேர் நின்றார்கள். பெண்ணுக்கு இந்தப் பக்கம் நாங்கள், மாப்பிள்ளைக்கு அந்தப் பக்கம் அவர்கள். கேமராவின் தீப்பெட்டி அளவுத் திரையில் எல்லாமே அழகு.

பெரிதாக அச்சிட்டு வந்த படத்தை அம்மா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். கோபுரம் நூல் பிடித்தாற்போல் நேர். அக்கா ஒரு மஞ்சள் மேகம். ஜெரால்டு ஒரு சாம்பல் மேகம். இரண்டு குடும்பமும் கனவில் வருகிறவர்கள் மாதிரி மிதந்தார்கள். எங்கள் வரிசையின் கோடியில் ஒரே ஒருவர் மட்டும், சட்டைப் பித்தானை எண்ணும் அளவுக்குத் தெளிவாக, தாம்பூலப் பையோடு சிரித்தார்.

"இவரு யாருடி?" என்றாள் அம்மா. யாருக்கும் தெரியவில்லை.

அக்கா அழுதாள். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. முதல்முறையாகச் சம்பந்திக்கு அவரே போன் போட்டார்.

"ஒங்க ஆளு ஒருத்தராச்சும் தாம்பூலப் பையோட எங்க வரிசக் கோடியில வந்து நின்னாரேன்னு சந்தோசப்பட்டேங்க. அவரு மட்டுந்தான் நல்லா விழுந்திருக்காரு. யாருங்க அது?"

"எங்க ஆளா? ஒங்க பங்காளின்னு நெனச்சி, நான் அவருக்கு ரெண்டு தடவ பாயசம் போடச் சொன்னேங்க."

அவ்வளவுதான். பிறகு இருவரும் சேர்ந்து என்னைத் திட்ட ஆரம்பித்தார்கள். முக்கால் மணி நேரம். ஒரு வார்த்தையில்கூட அவர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. மறுநாளும் பேசினார்கள்.

எல்லாரும் சேர்ந்து நின்ற வேறு படம் இல்லாததால் அதுவே இரண்டு வீட்டுக் கூடத்திலும் மாட்டப்பட்டது. போன வருஷம் அக்காவின் நாலு வயது மகள் அதைக் காட்டி, "இவரு யாரு தாத்தா?" என்றாள். சோபாவில் சேர்ந்து உட்கார்ந்திருந்த இரண்டு தாத்தாக்களும் ஒருவரையொருவர் கைகாட்டி, ஒரே குரலில் சொன்னார்கள்:

"அவுங்க ஆளு."