மிளகு காயும் பாறையில் எட்டாம் வகுப்பு

சென்றாயன் தன் மனைவி பாப்பாயியைக் கடைசியாக உயிரோடு பார்த்தது செம்மேட்டில், நாமக்கல் பஸ்ஸின் ஜன்னலில். நெஞ்சு அடைக்கிறது என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மகள் தாரணியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு கீழே டாக்டரிடம் ஒரு எட்டுப் போய்க் காட்டிவிட்டு வருவதாக ஏற்பாடு. பஸ் கிளம்புகிற வரைக்கும் சென்றாயன் அதை முன்னும் பின்னும் சுற்றி வந்தான். டயரை உதைத்துப் பார்த்தான். டிரைவரிடம் இரண்டு தரம் நேரம் கேட்டான்.

"ஏனுங்க, ஒரு எடமா நில்லுங்க. உங்களைப் பாத்தா எனக்கு இப்பவே தல சுத்துது. இன்னும் எழுவது வளைவு கெடக்குது" என்றாள் பாப்பாயி.

அவன் நின்றான். பஸ் போய்விட்டது. மறுநாள் அவள் உடம்புதான் மலையேறி வந்தது.

அவள் சொல்லி அவன் கேட்டது அந்த ஒரு தடவைதான் என்று ஊரில் சொல்வார்கள். தப்பு. கல்யாணமான நாள் முதல் அவள் சொன்னதைத்தான் செய்துகொண்டிருந்தான். தான் செய்வது தெரியாமல் செய்துகொண்டிருந்தான், அவ்வளவுதான். அதற்குப் பாறை விஷயம் ஒன்றே போதும். அது அவள் போவதற்கு மூன்று வருஷம் முன்னால், பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்த காலத்தில் நடந்தது.

மலையில் பல ஊர் சேர்ந்தது ஒரு நாடு. வளப்பூர் நாட்டில் சென்றாயனுக்கு முக்கால் ஏக்கர் மிளகுக் காடு. காட்டின் கடைசியில் ஒரு பாறை. வருஷா வருஷம் மிளகைக் காய வைப்பது அதில்தான். பாறை புறம்போக்கு. ஆனால் அதற்குப் போகிற வழி அவன் காடு. அடிவாரத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்ததால் சுற்றுவட்டாரத்தில் அந்தப் பாறையில் மட்டும் செல்போனுக்கு நாலு கோடு சிக்னல் வரும். மற்ற இடத்தில் ஒரு கோடு வந்தால் பெரிசு. அதுவும் காற்றடித்தால் போய்விடும்.

எட்டாவது படித்த தாரணிக்குப் பாடமெல்லாம் செல்போனில் வந்தது. பாப்பாயி அவளைப் பாறைக்குக் கூட்டிப்போனாள். மறுநாள் பக்கத்துத் தோட்டத்துக் கருப்பண்ணன் தன் பையனைக் கொண்டுவந்து விட்டான். அப்புறம் கலைச்செல்வி வந்தாள். அவள் புருஷன் லாரி டிரைவர், எந்த மாநிலத்திலோ மாட்டிக்கொண்டிருந்தான். ஒரே மாதத்தில் பதினொரு ஊட்டுப் பிள்ளைகள் தாரணியோடு சேர்ந்துவிட்டார்கள். பிள்ளைகள் பதினாறு, செல்போன் ஏழு.

தன் பிள்ளைக்கு மட்டும்தான் பாடம் ஏறவில்லை என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொரு தாயும் தனியாக அழுதுகொண்டு வந்தாள். பாறையில் உட்கார்ந்த பிறகுதான் எல்லார் ஊட்டிலும் அதே கதை என்று தெரிந்தது. அன்றைக்கே பாதி அழுகை நின்றது. பத்தாவது வரைக்கும் படித்த கலைச்செல்வி கணக்கைத் திரும்பச் சொல்லிக்கொடுத்தாள். இன்னொருத்தி கிழங்கு வேகவைத்துக் கொண்டுவந்தாள். செல்போன்களுக்குச் சார்ஜ் மட்டும் சென்றாயன் ஊட்டில் ஏறியது.

சென்றாயனுக்கு இதெல்லாம் தாங்கவில்லை. சோறு தின்னும்போதே இரண்டு தரம் எழுந்து மாட்டைப் பார்த்துவிட்டு வருகிற ஆள் அவன். வகுப்பு நடக்கும்போது அரை மணிக்கு ஒருதரம் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு செல்போன் கேமரா முன்னால் குறுக்கே போவான். "அந்த ஐயா காலையிலிருந்து எங்கதான் போயிட்டே இருக்காரு?" என்று ஒருநாள் செல்போனில் பாடம் எடுத்த வித்யாஸ்ரீ டீச்சரே கேட்டுவிட்டாள்.

அவன் தவிப்புக்கும் காரணம் இருந்தது. மிளகு பழுக்க ஆரம்பித்துவிட்டது. வழக்கமாகத் தேவனூர் நாட்டிலிருந்து வருகிற பறிப்பு ஆட்கள் நோய்க்குப் பயந்து வரவில்லை. பழுத்தது உதிர்ந்தால் அந்த வருஷச் சாப்பாடே உதிர்ந்த மாதிரிதான். கொடிகளுக்கு நடுவே நாலு நாள் நடையாய் நடந்து ஒரு முடிவுக்கு வந்தான்.

"நாளையிலிருந்து தாரணி மெளகு பறிக்கட்டும். ஒரு வருசம் படிக்காட்டி என்ன இப்ப? பள்ளிக்கூடமே மூடித்தான கெடக்குது."

"பள்ளிக்கூடந்தானுங்க மூடிக் கெடக்குது. அவ மண்ட தொறந்துதான இருக்குது" என்றாள் பாப்பாயி.

தாரணி பின்பக்கம் போய் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஒரு வருஷம் நின்ற பிள்ளைகள் மறுபடி பள்ளிக்கூடம் போன கதை அந்தப் பக்கத்தில் கிடையாது. அது அவளுக்கும் தெரியும், அவள் அம்மாவுக்கும் தெரியும்.

சென்றாயன் மறுபடி காட்டுக்குள் போனான். பலாமரத்தை மூன்று தரம் சுற்றினான். நாலாவது சுற்றில் அந்த யோசனை வந்தது. பாறைக்கு வர வேண்டுமா, ஊட்டுக்கு ஒரு ஆள் ஒரு நாள் வந்து மிளகு பறிக்க வேண்டும். வந்தால் மிளகு இறங்கிவிடும். வராவிட்டால் பாறைக் கூட்டம் கலையும், தாரணி மிளகுக்கு வருவாள். எந்தப் பக்கம் விழுந்தாலும் தனக்கே ஜெயம். தன் மூளையை நினைத்து அவனுக்கே மயிர்க்கூச்செறிந்தது. ஓடிப்போய்ப் பாப்பாயியிடம் சொன்னான்.

"சரிங்க" என்றாள்.

சென்றாயன் திகைத்துவிட்டான். இத்தனை வருஷத்தில் ஒரே வார்த்தையில் அவள் சரி என்றதில்லை.

"சரின்னா?"

"சரின்னா சரிதானுங்க. நானே போயிச் சொல்லீர்றேன். நீங்க சொன்னா கடுசாத் தெரியும்."

அந்த 'நானே'யில் அவன் கொஞ்சம் நின்று யோசித்திருக்க வேண்டும். அவன்தான் எதிலும் நிற்காதவனாயிற்றே.

நாளொன்றுக்கு இரண்டு ஆளாக ஆறே நாளில் மிளகு முழுக்க இறங்கிவிட்டது. கருப்பண்ணன் மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களின் உச்சி வரைக்கும் ஏறினான். கலைச்செல்வி தானே வந்து இரண்டு ஆள் பறிப்பைப் பறித்துக் கொட்டினாள். பாறையின் ஒரு பாதியில் மிளகு காய்ந்தது, மறு பாதியில் எட்டாம் வகுப்பு. பாட இடைவெளியில் பிள்ளைகள் காலால் மிளகைக் கிளறிவிட்டார்கள். தாரணி ஒரு வகுப்பைக்கூட விடவில்லை. மிளகு வந்துவிட்டதால் சென்றாயனும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

சனிக்கிழமை வகுப்பு முடிகிற நேரத்தில் பாப்பாயி அவனைக் கூப்பிட்டாள். டீச்சர் பேச வேண்டுமாம். அவன் ஓடிப்போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தான். பதினொரு ஊட்டுத் தாய்மார்களும் பாறையில் இருந்தார்கள். செல்போனை உயர்த்திப் பிடித்துச் சத்தத்தையும் கூட்டி வைத்தாள் பாப்பாயி.

"ஐயா, பாப்பாயி அக்கா சொன்னாங்க. எத்தனையோ ஊர்ல சிக்னல் இல்லாம பிள்ளைங்க படிப்பையே விட்டுட்டாங்க. நீங்க ஒண்ணுமே வாங்காம வழியும் விட்டு, சார்ஜும் போட்டுக் குடுக்கறீங்களாமே" என்றாள் டீச்சர்.

சென்றாயன் திரும்பிப் பாப்பாயியைப் பார்த்தான். அவள் குனிந்து மிளகில் காம்பு பொறுக்கிக்கொண்டிருந்தாள். பதினாறு பிள்ளைகளும் அவன் வாயையே பார்த்தார்கள்.

"ஆமாங்க டீச்சர். பச்சப் பிள்ளைங்க படிக்கறதுக்குப் போயி எதாச்சும் வாங்குவமுங்களா? என் உசுரு இருக்கற வரைக்கும் வாங்க மாட்டனுங்க."

பிள்ளைகள் கைதட்டினார்கள். இரண்டு நாளைக்குச் சென்றாயன் நெஞ்சை முன்னால் விட்டுக்கொண்டு அதன் பின்னால் நடந்தான்.

திங்கட்கிழமை விடிகாலையில் கருப்பண்ணன் களைக்கொத்தோடு வந்து வாசலில் நின்றான்.

"கெளம்பிட்டீங்களா மாமா?"

"எங்கடா?"

"நம்ம காட்டுக்குத்தானுங்க. மரவள்ளி புடுங்கோணும். மாத்தாளு."

மலையில் மாத்தாள் என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இன்றைக்கு நீ என் காட்டுக்கு ஒரு நாள் வேலைக்கு வந்தால், இன்னொரு நாள் நான் உன் காட்டுக்கு வர வேண்டும். கூலி கிடையாது. எழுத்தும் கிடையாது. ஆனால் ஆளை வாங்கிக்கொண்டு ஆளைத் திருப்பாதவன் ஊட்டில் நல்லது கெட்டதுக்கு ஒரு பந்தக்கால் நட ஆள் வராது.

சென்றாயன் அடுப்படிக்குப் பாய்ந்தான்.

"ஏம்புள்ள, அவங்க வந்தது பாறைக்குப் பதிலாத்தான?"

"பாறைக்கு ஒண்ணும் வாங்கலீன்னு நீங்கதானுங்க டீச்சர்கிட்டச் சொன்னீங்க. பதினொரு ஊடும் கேட்டுச்சு."

"அது ஒரு மருவாதிக்குச் சொன்னது."

"அப்படீங்களா. சரி, டீச்சருக்குப் போன் போடறேன். மருவாதிக்குத்தான் சொன்னாரு, உள்ளபடிக்கு வாங்கினோம்னு சொல்லீர்றேன்."

சென்றாயன் போனைப் பிடுங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டான்.

"பாறைக்கு வாங்கலீன்னா அவங்க வேலைக்குத்தான வந்திருக்காங்க? வேலைக்கு வந்தவங்களுக்கு வேலைக்குப் போகோணும். நான் மாத்தாளுன்னு சொல்லித்தான் கூப்பிட்டேன். களி ஆறுது, தின்னுட்டுக் கெளம்புங்க" என்றாள் பாப்பாயி.

"நம்ம சிக்னலு?"

"சிக்னலு நீங்க வெதச்சதுங்களா?"

அவனுக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. "அப்ப எனக்குப் பதிலாத் தாரணியை அனுப்பறேன்."

"ஆளுக்கு ஆளுங்க. அவ ஆளில்ல, எட்டாவது."

சென்றாயன் கிளம்பினான். கருப்பண்ணன் காட்டில் கிழங்கு பிடுங்கினான். இன்னொருத்தர் காட்டில் வேலி கட்டினான். வேறொருத்தருக்கு வாழைக்குக் குழி வெட்டினான். பொழுது விடிந்தால் ஒரு காடு. ஓரிடத்தில் நிற்காத காலுக்கு அது பிடித்தே இருந்தது, வெளியே சொல்லவில்லை. கருப்பண்ணன் ஊட்டுச் செல்போன் கண்ணாடி பாதி உடைந்து கறுத்துப் போயிருந்தது. டீச்சரின் ஒரு பக்கம் மட்டும்தான் அதில் தெரியும். பாறைக்கு வந்து வேறு செல்போனில் பார்த்த பிறகுதான் டீச்சருக்கு இரண்டு கண் என்று அவன் பையனுக்குத் தெரிந்ததாம். அதைக் கேட்டுச் சென்றாயன் அன்றைக்கு முழுக்கச் சிரித்துக்கொண்டே கிழங்கு பிடுங்கினான்.

பதினொன்றாவது நாள் கலைச்செல்வி காடு. பள்ளிக்கூடம் மூடியதிலிருந்து தன் மகள் யாரிடமும் வாய் திறக்கவில்லை என்றும், பாறைக்கு வந்து பத்து நாள் கழித்துத்தான் "அம்மா, பசிக்குது" என்றாள் என்றும் கலைச்செல்வி சொன்னாள். சென்றாயன் மத்தியானம் வரைக்கும் எழுந்திருக்காமல் களை எடுத்தான். மத்தியானத்துக்கு மேல் அவள், "ஒரு சின்ன வேலைங்ணா, நீங்க பாத்துக்கங்க" என்று ஒரு புல்லுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு எங்கோ போனாள். மிச்சக் காட்டை அவன் ஒருத்தனே கொத்தி முடித்தான்.

பொழுது இறங்க ஊட்டுக்கு நடந்தான். பதினொரு காடும் முடிந்தது. நாளைக்கு எங்கேயும் போக வேண்டாம் என்று நினைத்ததும் காலில் ஒரு அரிப்பு. காட்டுக்குள் நுழைந்தவன் நின்றுவிட்டான். பாறையை ஒட்டி, அவன் நிலத்தில், புது மூங்கில் கால் நட்டுப் புல் வேய்ந்து ஒரு கொட்டாய் நின்றுகொண்டிருந்தது. கருப்பண்ணன் மேலே உட்கார்ந்து கடைசிக் கட்டைக் கட்டிக்கொண்டிருந்தான். கீழே பிள்ளைகள் அதற்குள்ளேயே இடம் பிடித்துவிட்டார்கள்.

"கோட மழ வருதில்லீங்க. பிள்ளைங்க நனையாது. உங்க மெளகும் நனையாது" என்றாள் பாப்பாயி.

"யாரு போட்டது?"

"பதினொரு ஊட்டுலருந்தும் ஆளு வந்தாங்க. ஒரே நாள்ல முடிச்சுட்டாங்க பாருங்க."

சென்றாயன் கொத்தைக் கீழே வைத்தான். "எப்படிக் கூப்பிட்ட?"

"வேற எப்படிக் கூப்பிடறது? மாத்தாளுதான்."

"கொட்டாய் அவங்க பிள்ளைங்களுக்குத்தான புள்ள."

"நம்ம காட்டுல நிக்கிற கொட்டாய் நம்ம கொட்டாய்தானுங்க. செல்போன் குரூப்புக்குக்கூட 'சென்றாயன் கொட்டாய்'னு பேரு மாத்தியாச்சு. டீச்சர் கையெடுத்துக் கும்புடற படம் போட்டிருக்காங்க, பாக்கறீங்களா?"

அவன் பார்த்தான். இரண்டு தரம் பார்த்தான். பெயரில் ஒரு எழுத்தும் தப்பில்லை. மறுநாள் விடியும்போது அவனே கொத்தை எடுத்துக்கொண்டு கருப்பண்ணன் வாசலில் போய் நின்றான். தாரணி அந்த வருஷம் ஒன்பதாவதுக்குப் போனாள்.

பாப்பாயி போய் இரண்டு வருஷம் ஆகிறது. தாரணி நாமக்கல்லில் கல்லூரியில் படிக்கிறாள். பள்ளிக்கூடங்கள் எப்போதோ திறந்துவிட்டன. பரீட்சைக்குச் செல்போனில் வகுப்புக் கேட்கிற பிள்ளைகள் இன்னும் சாயங்காலம் கொட்டாய்க்கு வருகிறார்கள். போன மாதம் கூரைக்குப் புதுப் புல் மாற்றினார்கள். பதினொரு ஊட்டிலிருந்தும் ஆள் வந்தார்கள். சென்றாயன் நாலு காட்டுக்குப் போய்விட்டு வந்திருக்கிறான். இன்னும் ஏழு இருக்கிறது.