ஷேக் ஃபவ்ஸானின் சர்க்கரை இறக்கும் தண்ணீர்

எங்கள் அகதி முகாமில் அற்புதங்களுக்குப் பஞ்சமில்லை, தண்ணீருக்குத்தான் பஞ்சம். வாரத்துக்கு ஒருநாள்தான் குழாயில் வரும். இர்பித் நகரத்திலிருந்து வந்த ஷேக் ஃபவ்ஸானின் கூடாரத்திலோ பாட்டில் பாட்டிலாக விற்றது. சும்மா தண்ணீர் இல்லை, ஓதிய தண்ணீர். கையில் ஊற்றினால் ரத்தத்தில் சர்க்கரை இறங்குமாம். அதுவும் கண்ணெதிரே, சுகர் பார்க்கும் மெஷினில்!

மெஷின் பொய் சொல்லாதல்லவா? கூடாரத்திலிருந்து ரொட்டிக்கடை வரை வரிசை நின்றது.

ஷேக் மரியாதை தெரிந்தவர். வந்தவருக்கு முதலில் பேரீச்சம்பழம் நீட்டுவார். அதை மறுத்தால் எங்கள் ஊரில் மரியாதைக்கேடு. "உங்களுக்குச் சுகர், நீங்க சாப்பிட வேணாம். கொட்டையை எடுத்துட்டுப் பக்கத்துல இருக்கவருக்கு ஊட்டுங்க" என்பார். நோயாளிமேல் என்ன கரிசனம்! அந்தப் பிசுபிசுத்த விரலைத் துடைக்கவும் விடமாட்டார். துடைத்தால் பரக்கத், அந்த இறையருள், போய்விடுமாம். அப்படியே ஊசியால் குத்துவார். மெஷின் முந்நூறு, நானூறு என்று அலறும். பிறகு ஓதிய தண்ணீரால் கையைக் கழுவிவிட்டு மறுபடி குத்துவார். பாதிக்குப் பாதி இறங்கியிருக்கும். கூட்டம் கண்ணீர் விடும்.

என் பக்கத்து வீட்டுத் தையல்காரர் அபூ ஹைஸமும் கண்ணீர் விட்டார். அவர் காலில் ஆறாத புண். சர்க்கரை ஏறாமல் இருந்தால் கால் பிழைக்கும் என்று கிளினிக் டாக்டர் சொல்லியிருந்தார். ஷேக்கின் பாட்டிலை வாங்கிய அன்றே மனிதர் இன்சுலினை நிறுத்திவிட்டார். கிளினிக் பக்கமும் போகவில்லை.

அப்படி வராமல் போகிறவர்களைத் தேடிப்பிடிப்பதுதான் நர்ஸ் இப்திஸாமின் வேலை. வீடு வீடாக அலைந்து, கடைசியில் கூடாரத்துக்கே வந்துவிட்டாள்.

"மாமா, மூணு மாசத்துக்கொரு டெஸ்ட்டுக்கும் வரல, ஊசியும் வாங்கல. என்ன நினைச்சுட்டிருக்கீங்க?"

"இங்கதான் இறங்குதேம்மா. நீங்க வருஷக்கணக்கா குத்துனீங்க, இறங்குச்சா?"

இப்திஸாம் ஷேக்கைப் பார்த்தாள். "எனக்கும் ஒரு பழம் குடுங்க. எனக்குச் சுகர் கிடையாது, போன வாரம்தான் பார்த்தேன்."

கொட்டையை எடுத்தாள், பழத்தை அபூ ஹைஸமின் வாயருகே கொண்டுபோய்த் தன் வாயில் போட்டுக்கொண்டாள், உடனே தன் விரலைக் குத்தினாள். முந்நூற்றுப் பதினெட்டு.

"பாவம், நர்சம்மாவுக்கே வந்திடுச்சு" என்று ஷேக் உருகினார்.

அவள் பையிலிருந்து சோப்பும் குழாய்த் தண்ணீர் பாட்டிலும் எடுத்துக் கையைக் கழுவித் துடைத்தாள். மறுபடி குத்தினாள். தொண்ணூற்று நாலு.

"அப்ப நம்ம குழாய்த் தண்ணியையும் யாரோ ஓதியிருக்காங்க" என்றார் ஒருவர். பாதிக் கூட்டம் தலையாட்டியது. சொன்னால் நம்பமாட்டீர்கள், இரண்டு பேர் பாட்டிலோடு குழாயைப் பார்த்து நடக்கவும் தொடங்கினார்கள்.

"நில்லுங்க" என்றாள். ஷேக்கின் பாட்டிலையே திறந்து கையைக் கழுவினாள். இன்னொரு பழத்தின் கொட்டையை எடுத்தாள், குத்தினாள். முந்நூற்று இரண்டு.

"ஓதின தண்ணி பட்ட கைதானே ஷேக், ஏன் ஏறுது?"

"ஈமான் வேணும், தங்கச்சி, நம்பிக்கை வேணும்."

"மெஷினுக்கா? விரல்ல ஒட்டின பழத்தைத்தான் அது காட்டுது. ரத்தத்துல சர்க்கரை அப்படியேதான் இருக்கு."

அபூ ஹைஸம் பழத்தைத் தொடாமல், சோப்புப் போட்டுக் கழுவிய விரலை அவளிடம் நீட்டினார். நானூற்று இரண்டு.

"போன மாசம் இங்க முதல் நாள் கழுவினப்ப நூத்தித்தொண்ணூறு காட்டுச்சேம்மா" என்றார்.

"அப்ப உடம்புல இன்சுலின் இருந்துச்சு, மாமா."

எல்லோரும் ஷேக்கின் பக்கம் திரும்பினோம். நாற்காலி காலி. கூடாரத்தின் பின்னால் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை, அவன்மேல் பாதி, எங்கள்மேல் பாதி.

அபூ ஹைஸமுக்கு இரண்டு கால்விரல்களை எடுத்தார்கள். பாதம் தப்பியது, மயிரிழையில். தையல் மெஷினை இப்போது மற்றக் காலால் மிதிக்கிறார்.

பக்கத்து முகாமில் கருஞ்சீரகப் புகையால் சர்க்கரையை விரட்டும் ஒருவன் வந்திருக்கிறானாம், கூட்டம் தாங்கவில்லையாம். போகிறவர்கள் போங்கள். அற்புதம் பொய்த்தால் அவனுக்குப் போவது ஒரு கூடாரம், உங்களுக்குப் போவது ஒரு கால். கேள்வி கேட்க வேண்டியது இருவரில் யார் என்று மட்டும் வழியில் யோசித்துக்கொண்டே போங்கள்.