கருவேப்பிலங்குறிச்சியில் இறங்கிய இருபத்தைந்து ரூபாய்

"ஆவணி, முதல் ஞாயிறு. பஸ், விருத்தாசலம் – ஸ்ரீமுஷ்ணம்: 25. வரவு: 25. யாரிடமிருந்து: தெரியாது. வகை:"

என் போனில் இருக்கும் செலவுக் கணக்கில் அந்த நாளின் கடைசிப் பதிவு இது. வகை என்ற இடம் காலியாக இருக்கிறது. அதை நிரப்புவதற்குள் நான் ஓடும் பஸ்ஸிலிருந்து குதித்துவிட்டேன். (ஓடும் பஸ் என்பது என் அப்பா சொல்வது. பஸ் நின்றிருந்தது, கிளம்ப உறுமிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். எழுதி வைப்பதைச் சரியாக எழுதி வைக்க வேண்டும்.)

அன்று நான் பெண் பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன்.

அப்போது விருத்தாசலத்தில் பீங்கான் சாமான் செய்யும் ஒரு சின்னக் கம்பெனிக்கு ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடித்துக்கொண்டிருந்தேன். மீட்டர் பெட்டியில் மாட்டும் ஃபியூஸ் கட்டைதான் எங்கள் சரக்கு. மாதிரிக்குச் சிலதை வைக்கோல் வைத்து ஒரு மரப்பெட்டியில் அடுக்கிக்கொண்டு, மாதத்தில் பாதி நாளை ரயிலிலும் லாட்ஜிலும் கழிப்பேன். சேலம், நெல்லூர், விஜயவாடா என்று சுற்றிவிட்டு வந்தால், கம்பெனிக் காசில் குடித்த டீ எது, என் காசில் குடித்த டீ எது என்று பிரிக்கத் தெரியாது. ஒரு மாதக் கடைசியில் நெல்லூர் லாட்ஜைக் காலி செய்யப் பணம் இல்லாமல் அக்காவுக்குப் போன் செய்தேன். பணத்தை அனுப்பிவிட்டு அக்கா கேட்டாள்: "ஏன்டா, நீ அந்தக் கம்பெனியில சம்பளம் வாங்குறியா, குடுக்குறியா?"

அன்றிலிருந்து கணக்கு எழுத ஆரம்பித்தேன். அளவாக எழுதியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை. பழைய நாட்குறிப்புகளையும் பயணக் குறிப்புகளையும் படித்துப் படித்துக் கெட்டுப்போனவன் நான். பல நூற்றாண்டு கழித்து ஓர் ஆராய்ச்சியாளர் என் கணக்கைத் தோண்டி எடுத்து, "ஆகா, விஜயவாடாவில் கொசுவத்தி இந்த விலையா?" என்று வியப்பார் என்று உண்மையாகவே நம்பினேன். எனவே தேதி, ஊர், காரணம், வகை எல்லாம் போட்டு எழுதினேன். சாப்பாடு ஒரு வகை, பயணம் ஒரு வகை. கௌரவம் என்று தனியாக ஒரு வகை. (கூட வந்தவர்கள் பில்லை எடுக்காமல் கூரையைப் பார்த்தபோது நான் எடுத்தவை எல்லாம் இதில் வரும். அந்த வருடத்தின் பெரிய செலவு இதுதான்.) பையில் இருக்கும் பணமும் கணக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் திரையின் கடைசிக் கட்டம் சிவப்பாகிவிடும். அது சிவப்பாக இருக்கும்வரை என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. எழுந்திருப்பேன், பையைத் தட்டுவேன், சட்டையை உதறுவேன். ஒரு முறை ஓங்கோல் தாண்டியதும் சிவப்பாகி, கூடூர் வரும்வரை ரயில் பெட்டியில் நடந்துகொண்டே வந்தேன். எதிர் சீட்டு அம்மா தன் நகைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

இந்த லட்சணத்தில்தான் ரம்யாவின் ஜாதகம் பொருந்தி வந்தது. ஸ்ரீமுஷ்ணத்துப் பெண். விருத்தாசலத்தில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் வேலை. பெரியவர்கள் அனுமதியோடு இரண்டு வாரம் போனில் பேசினோம். என் கணக்குப் பைத்தியத்தைப் பற்றிச் சொன்னதும் மற்றவர்களைப் போல அவள் சிரிக்கவில்லை. "சிவப்பாச்சின்னா என்னா பண்ணுவீங்க?" என்று மட்டும் கேட்டாள். நடப்பேன் என்றேன். "எவ்ளோ தூரம்?" என்றாள். அந்தக் கேள்வியிலேயே நான் விழுந்துவிட்டேன்.

அவளே இன்னொன்றும் சொல்லியிருந்தாள். போன தையில் ஒரு வரன், வருகிறேன் என்று நாள் குறித்துவிட்டு வராமலே போய்விட்டது. அவள் புடவை கட்டிக்கொண்டு கோயில் மண்டபத்தில் உட்கார்ந்திருக்க, ஊரே வந்து வந்து பார்த்துவிட்டுப் போனதாம். "இன்னொரு வாட்டி அந்த மாதிரி ஆச்சின்னா, இந்தப் பேச்சே வேணாம்னு எங்க வூட்ல சொல்லிட்டேன்" என்றாள். நான் அதைத் தேதியோடு மனதில் குறித்துக்கொண்டேன். குறித்துக்கொள்வதில் எனக்குக் குறையே கிடையாது.

ஆடி முடிந்து முதல் ஞாயிறு. பூவராகர் கோயிலில் பெண் பார்ப்பது, நாலரைக்கு ராகு காலம், அதற்குள் முடித்துவிட வேண்டும். வீட்டார் மதியமே காரில் போய்விட்டார்கள். விஜயவாடாவிலிருந்து நான் வந்த ரயில் தாமதம். ஜங்ஷன் ஓய்வறையில் சட்டையை மாற்றிக்கொண்டு, மரப்பெட்டியும் பழப்பையுமாக பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி, கிளம்பிக்கொண்டிருந்த தனியார் பஸ்ஸில் கடைசி வரிசையில் இடம் பிடித்தேன்.

டிக்கெட் இருபத்தைந்து ரூபாய். நான் நூறு ரூபாய் நீட்டினேன். போனில் அனுப்பட்டுமா என்று கேட்டதற்குக் கண்டக்டர், "அது ஓனரு கணக்குக்குப் போவுது சார், எனக்கு சில்லறை எங்கருந்து வரும்?" என்றார். பக்கத்தில் ஜன்னலோரம் இருந்தவர் ஐம்பது ரூபாய் நீட்டினார். கண்டக்டர் இரண்டு நோட்டையும் வாங்கிக்கொண்டு, கொஞ்ச நேரம் கழித்து வந்து, என் கையில் ஒரு நூறு ரூபாய் நோட்டை வைத்தார்.

"உங்களுக்கு எழுவத்தஞ்சு, அவருக்கு இருவத்தஞ்சு. ரெண்டு பேரும் பிரிச்சிக்கங்க."

எங்கள் பக்கத்து பஸ்களில் இது தினமும் நடப்பது. முன்பின் தெரியாத இருவரை ஒரே நோட்டில் கட்டிவைத்துவிட்டு கண்டக்டர் அடுத்த சீட்டுக்குப் போய்விடுவார். இறங்குகிற இடத்தில் அந்த இருவரும் ஒரு பெட்டிக்கடையைக் கண்டுபிடித்து, வாழைப்பழமாவது வாங்கி நோட்டை உடைத்து, பிரிந்து போக வேண்டும். பக்கத்து சீட்டுக்காரர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நானும் ஆட்டினேன். நீலக் கட்டம் போட்ட சட்டை, மஞ்சள் பை. முகத்தைப் பார்த்தேனா என்றால், இல்லை. பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் நான் முகத்தைப் பார்ப்பதில்லை.

ரயிலிலேயே போன் சார்ஜ் இறங்கி மூன்று சதவீதத்தில் இருந்தது. அதில் அம்மாவுக்கு, "பஸ் ஏறிட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் டிக்கெட்டைக் கணக்கில் ஏற்றினேன். கட்டம் சிவப்பானது. இருபத்தைந்து ரூபாய் கூடுதல். காரணம் தெரிந்த சிவப்புதான் என்று என்னைச் சமாதானம் செய்துகொண்டு அந்த வரவை எழுதிக்கொண்டிருந்தேன். யாரிடமிருந்து என்பதில் தெரியாது என்று போட்டுவிட்டு, பெயரையாவது கேட்கலாம் என்று திரும்பினால், ஜன்னலோரம் காலி.

பஸ் கருவேப்பிலங்குறிச்சியில் நின்றிருந்தது. ஏறுகிற கூட்டம், இறங்குகிற கூட்டம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒரு நீலக் கட்டச் சட்டை டீக்கடையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தது.

விட்டுவிடலாம். இருபத்தைந்து ரூபாய். என்னை எதிர்பார்த்து ஒரு பெண் கோயிலில் உட்கார்ந்திருக்கிறாள். ஆனால் இந்தத் தொகையை எந்த வகையில் எழுதுவது? பயணமா? கௌரவமா? போன் அணைந்தது. அணைந்த திரையிலும் சிவப்பு தெரிவது போல் இருந்தது. உள்ளங்கால் குறுகுறுத்தது. எழுந்தேன், உட்கார்ந்தேன், எழுந்தேன், குதித்தேன்.

(இதை நேர்மை என்று பின்னாளில் சிலர் பாராட்டினார்கள். நேர்மைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அரிப்பு என்று சொன்னால் சரியாக இருக்கும்.)

"அண்ணே, உங்க இருபத்தஞ்சு ரூபா."

டீ டம்ளரை வாயிலிருந்து எடுக்காமல் அவர் என்னைப் பார்த்தார். "என்னாது?"

"பஸ் பாக்கிண்ணே. நூறு ரூபாயில உங்க பங்கு."

அவர் என்னையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுக்கா எறங்கி ஓடியாந்த?"

"கணக்கு இடிக்குதுண்ணே."

டீ மாஸ்டர் நூறை உடைத்துக் கொடுத்தார். அண்ணன் இருபத்தைந்தை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சாலையைப் பார்த்தார்.

"அந்தா போவுதே பஸ்ஸு, அது உன்னுதா?"

என்னுடையதுதான். என் மரப்பெட்டி, பழப்பை, பைக்குள் வைத்திருந்த மல்லிகைப்பூ எல்லாம் அதில் இருந்தன. டீ மாஸ்டர் தன் போனை நீட்டி, "வூட்டுக்குச் சொல்லுங்க சார்" என்றார். அப்போதுதான் ஓர் உண்மை உறைத்தது. நெல்லூரில் குடித்த ஒவ்வொரு டீயின் விலையும் எனக்கு மனப்பாடம். ஒருவருடைய போன் நம்பரும் தெரியாது.

"எங்க போவுணும்?" என்றார் அண்ணன்.

"ஸ்ரீமுஷ்ணம். பொண்ணு பாக்க."

"யாருக்கு?"

"எனக்குத்தாண்ணே."

அவர் மிச்சமிருந்த டீயை மண்ணில் ஊற்றிவிட்டு, கடையோரம் நின்றிருந்த மொபெட்டை எடுத்தார். "ஏறு" என்றார்.

அதே நேரத்தில் ஸ்ரீமுஷ்ணத்தில் நடந்ததைப் பலரிடம் தனித்தனியாகக் கேட்டு எழுதியிருக்கிறேன். பஸ் வந்து நின்றது. என்னை அழைத்துப்போக அப்பாவும், ரம்யாவின் தாய்மாமா ஜெயபாலும் ஸ்டாண்டில் காத்திருந்தார்கள். எல்லாரும் இறங்கியும் நான் இறங்கவில்லை. கண்டக்டர் பெட்டியையும் பையையும் இறக்கி வைத்தார்.

"இந்தப் பெட்டிக்காரரையா கேக்குறீங்க? அவுரு கருவேப்பிலங்குறிச்சியில குதிச்சி ஓடிட்டாரு."

"ஓடிட்டாரா?" என்றார் அப்பா.

"திரும்பிக்கூடப் பாக்கல சார்."

என் போனுக்கு அடித்தார்கள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஜெயபால் மாமா பொறுமையாகத்தான் பேசினாராம். "புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லியிருக்கலாம்ங்க. அதுக்கு ஓடுற பஸ்ஸுலருந்தா குதிக்கணும்?" என்று கேட்டுவிட்டு, பெட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். வைக்கோலுக்குள் வெள்ளை வெளேரென்று ஃபியூஸ் கட்டைகள். "பொண்ணு பாக்க வரவரு இதையா எடுத்தாருவாரு?" என்றார்.

சேதி கோயிலுக்குப் போனது. ரம்யாவின் அம்மா பூக்கூடையை எடுத்துக்கொண்டார். என் அம்மா அழ ஆரம்பித்தார். சுற்றி நின்றவர்கள் மறுபடியும் வந்து வந்து பார்த்தார்கள். போன தையில் பார்த்த அதே முகங்கள் என்று ரம்யா பிற்பாடு சொன்னாள். "வாடி, வூட்டுக்குப் போவலாம்" என்று அவள் அம்மா கையைப் பிடித்திருக்கிறார். ரம்யா எழுந்திருக்கவில்லை.

"அந்தப் பெட்டியில எல்லாம் சரியா இருக்குதா மாமா?"

"இருக்குது. அதுக்கென்னா?"

"கம்பெனி சாம்பிள வுட்டுட்டுக் கல்யாணத்துக்குப் பயந்து ஓடுற ஆளு இல்ல அவரு. ஓடுறதுன்னா பெட்டியத் தூக்கிட்டுதான் ஓடியிருப்பாரு. எங்கயோ கணக்கு இடிச்சிருக்கும். நாலரை வரைக்கும் உக்காந்திருப்போம்."

இதைச் சொல்லிவிட்டு அவள் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்று அக்கா சொல்கிறாள். அது எனக்குப் போதும்.

நாலரைக்குக் கொஞ்சம் முன்னால், தலையெல்லாம் புழுதியோடு மொபெட்டின் பின்சீட்டிலிருந்து இறங்கினேன். அண்ணனும் பின்னாலேயே மண்டபத்துக்கு வந்தார். யாரும் கேட்காமலே அவர் சொன்னார்: "மாப்புள்ளய ஒண்ணும் சொல்லாதீங்க. எனக்கு இருவத்தஞ்சு ரூவா குடுக்கணும்னு எறங்குனாரு."

ஜெயபால் மாமாதான் முதலில் வாயைத் துண்டால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அப்புறம் அந்த மண்டபத்தில் சிரிக்காதவர்கள் மூன்று பேர்: என் அப்பா, நான், ரம்யா.

"வரவா, செலவா?" என்று ரம்யா கேட்டாள்.

"வரவுங்க."

"எந்த வகையில எழுதுனீங்க?"

"இன்னும் எழுதலைங்க."

அப்போது அவளும் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். எனக்கு உட்கார வேண்டும் போல இருந்தது. வெகுநாளைக்கு அப்புறம், கால் குறுகுறுப்பு தானாக நின்றிருந்தது.

எங்கள் கல்யாணத்தில் மொய் எழுதும் நேரத்தில் ஜெயபால் மாமா மேடையேறி, ஆயிரம் இரண்டாயிரம் என்று எல்லாரும் கவர் வைத்த இடத்தில், ஒரே ஒரு நூறு ரூபாய் நோட்டை எங்கள் இரண்டு பேர் கைக்கும் நடுவில் வைத்தார். மைக்கில் அந்தக் கண்டக்டர் சொன்னதையே சொன்னார்: "ரெண்டு பேரும் பிரிச்சிக்கங்க." (சீர் தனியாகச் செய்துவிட்டார். அதை விட்டுவிட்டு இதை மட்டும் சொன்னால் அவருக்கு நியாயமாகாது.) எங்கள் வீட்டில் இப்போது தீபாவளிப் பட்டாசிலிருந்து பிள்ளைகளின் சாக்லெட் வரை எல்லாமே அந்த ஒரு வாக்கியத்தோடுதான் கைமாறுகின்றன. பஸ் ஏறும்போதெல்லாம் ரம்யா என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொள்கிறாள்.

ஒன்று மட்டும் பாக்கி. அன்று கோயிலில் புளியோதரை சாப்பிட்டு, பெட்ரோலுக்குப் பணம் வேண்டாம் என்று மறுத்துவிட்டு அண்ணன் கிளம்பிப் போன பிறகு, பஸ்ஸில் நடந்ததை முழுவதும் சொன்னேன். ரம்யா கேட்டாள்: "பஸ்ஸுல வந்தவருக்கு டீக்கடையில மொபெட்டு எப்படி?" வண்டியை அங்கே விட்டுவிட்டு பஸ்ஸில் போய் வருகிறவர்கள் உண்டு என்றேன். "மஞ்சப்பை எங்க?" என்றாள். டீக்கடையிலோ மொபெட்டிலோ அப்படி ஒரு பையைப் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. கூட்டத்தில் வேறு சீட்டுக்கு மாறியிருந்தாரோ என்னவோ, அந்த பஸ்ஸிலிருந்து நீலக் கட்டச் சட்டையும் மஞ்சள் பையுமாக ஒருவர் ஸ்ரீமுஷ்ணத்தில் இறங்கி, என் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, யாரையோ தேடிவிட்டுப் போனதாக ஜெயபால் மாமா சொல்கிறார். அப்படி ஒருவர் வரவே இல்லை என்று அப்பா அடித்துச் சொல்கிறார். கருவேப்பிலங்குறிச்சி வழியாகப் போகும்போது டீக்கடையிலிருந்து அண்ணன் இன்றும் கையாட்டுகிறார். இறங்கிக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. எனவே அந்த இருபத்தைந்து ரூபாய் உரியவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது இதை எழுதும் இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை.