துடைத்த முட்டை

"முட்டையை எதுக்குங்க துடைக்கிறீங்க?"

மனைவி கேட்டாள். தராசுக்காரர் பொரித்த முட்டையைக் காகிதத்தில் வைத்து, குழந்தைக்குத் தலை துவட்டுவதுபோல நாலு பக்கமும் ஒற்றி எடுத்தார். பிறகு அந்தக் காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இவ்வளவு எண்ணெய்! இது உள்ள போய் எங்க உட்காரும்னு யோசிச்சியா?"

"நான் என்ன அதுக்கு நாற்காலியா போட்டு வெச்சிருக்கேன்? எனக்கெப்படித் தெரியும்?"

கடைத் தராசு, ஆஸ்பத்திரித் தராசு என்று ஊரில் இருக்கும் தராசுகளை எல்லாம் சரிபார்ப்பது அவருடைய தொழில். போன மாதம் சளிக்கு மருந்து வாங்கக் கிளினிக்குக்குப் போனவர், காத்திருந்த நேரத்தில் கை காலை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. அங்கிருந்த எடை மெஷினில் ஏறி நின்றார். முள் போய் நின்ற இடத்தைப் பார்த்ததும் சளியே மறந்துவிட்டது. டாக்டரைப் பார்க்காமலே வீட்டுக்கு ஓடி வந்துவிட்டார். அண்ணனுக்கு அப்போதுதான் நெஞ்சுவலி வந்து ஆபரேஷன் முடிந்திருந்தது. அடுத்தது நாம்தான் என்று முடிவு கட்டிவிட்டார்.

"வேற மெஷின்ல ஒரு தடவை ஏறிப் பாருங்களேன்" என்றாள் மனைவி.

"அது என் கைபட்ட மெஷின். பெத்த பிள்ளை பொய் சொன்னாலும் அது பொய் சொல்லாது."

அன்றைக்கே எண்ணெய், வெண்ணெய், நிலக்கடலை, மீன் எல்லாவற்றுக்கும் வீட்டில் தடை விழுந்தது. பொரித்த முட்டைக்கு மட்டும், துடைத்த பிறகு அனுமதி. எதையும் துருவிப் பார்க்கும் புத்தி அவருக்கு. எதில் கொழுப்பு ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க, கண்ணில் பட்டதையெல்லாம் காகிதத்தில் தேய்த்தார். கடைசியில் தன் நெற்றியையே ஒற்றிப் பார்த்தார். அதிலும் எண்ணெய்! மனிதர் ஆடிப்போய்விட்டார்.

வெந்த காய்கறியும் துடைத்த முட்டையும் மட்டும் சாப்பிட்டால் ஒரு மணி நேரத்தில் பசித்தது. அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். 'கொழுப்பே இல்லை' என்று கொட்டை எழுத்தில் போட்ட பிஸ்கெட். அதில்தான் கொழுப்பே இல்லையே என்று பாக்கெட் பாக்கெட்டாக உள்ளே தள்ளினார். இடுப்பு பெல்ட் ஒரு ஓட்டை தள்ளிப் போனது.

உடனே முட்டையையும் நிறுத்தினார். தோல் வறண்டு உதிர்ந்தது. நெற்றியை ஒற்றிய காகிதம் சுத்தமாக வந்தபோது அவருக்கு ஒரே கொண்டாட்டம்.

"பாத்தியா? ஒரு பொட்டு எண்ணெய் இல்லை!"

"உடம்புக் கொழுப்பு போச்சோ இல்லையோ, வாய்க்கொழுப்பு ஏறிப்போச்சு. தொட்டதுக்கெல்லாம் எரிஞ்சு விழறீங்க. இனிமே நீங்களே சமைங்க, நீங்களே துடைங்க. நான் தங்கச்சி வீட்டுக்குப் போறேன்."

அவள் பெட்டியை எடுத்ததும்தான் தராசுக்காரருக்கு உறைத்தது. ஓடிப்போய்ப் பெட்டியைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா போறதுக்குள்ள வாங்கப்பா, டாக்டரையே கேட்டுடலாம்" என்று மகள் அவரைக் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே மெஷினில் ஏறினார். போன மாதத்தைவிட இரண்டு கிலோ கூடுதல்! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

டாக்டர் அவர் கையின் வறட்சியைப் பார்த்தார். கதை முழுவதையும் கேட்டார்.

"எண்ணெயை அடியோட விடச் சொல்லி யாருங்க சொன்னது? கேரட்டுல இருக்கிற சத்து உடம்புல சேரணும்னா கூடக் கொஞ்சம் கொழுப்பு வேணும். சாப்பிட்ட திருப்தி நிக்கவும் அது வேணும். அளவா ஊத்துங்க. கடலை, மீன் எல்லாம் சாப்பிடுங்க. அந்த பிஸ்கெட்டைத் தூக்கிப் போடுங்க, அத்தனையும் சர்க்கரை."

"அப்போ என் எடை, டாக்டர்?"

"எடைக்கென்ன, சரியாத்தான் இருக்கு. இப்ப ஏறின ரெண்டு கிலோ மட்டும் பிஸ்கெட் உபயம்."

தராசுக்காரருக்குப் புரியவில்லை. அந்த முள் காட்டுகிற எடை எந்தக் கணக்கில் சரி? டாக்டரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது. வெளியே வந்து, மெஷினுக்குப் பக்கத்தில் நின்றிருந்த நர்ஸம்மாவிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, முள்ளு அங்க நிக்குது, டாக்டர் சரியான எடைங்கிறாரே. அது எப்படி?"

நர்ஸம்மா டாக்டர் அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"போன வருஷம் நீங்க சரிபண்ணிட்டுப் போன நாள்லேர்ந்து அது எல்லாருக்கும் ஆறு கிலோ கூடத்தான் காட்டுது, சார். சொன்னா நீங்க மனசு கஷ்டப்படுவீங்கன்னு டாக்டரே கழிச்சுக்கிறார்."