ஆத்தாவுக்குச் சொன்ன முடி

இனி ஒருத்தரும் தன்னைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்கக்கூடாது என்று சிவபாண்டி முடிவு கட்டியது, மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியின் தீக்காய வார்டு வாசலில்.

உள்ளே அவன் மனைவி அருணாதேவி கிடந்தாள். எம். புதுப்பட்டியில் அவள் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில் ஓர் அறை தீப்பிடித்து, இடது கை முழங்கை வரை வெந்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து தரைச்சக்கரப் பட்டாசு சுற்றிக்கொண்டிருந்த பொன்மணி வீடு திரும்பவேயில்லை. அருணாதேவியின் தொடையிலிருந்து தோல் எடுத்து வெந்த கையில் வைத்து ஒட்டியிருந்தார்கள். அந்த நேரத்தில் வெளியே வந்த நர்ஸ், சிவபாண்டியின் வழுக்கையைப் பார்த்துவிட்டு, "பொண்ணுக்கு அப்பாங்களா?" என்றாள்.

அவனுக்கு வயது முப்பத்தெட்டு.

கை ஆறி அருணாதேவி வீடு வந்து சேர்ந்தாள். சிவபாண்டிக்கு மட்டும் ஆறவில்லை. ஆவணியில் ஒருநாள், "உன் கை குணமானா மொட்டை போடுறேன்னு இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேந்திருந்தேன். போயிட்டு வந்திர்றேன்" என்று சொல்லிவிட்டு மதுரைக்கு பஸ் ஏறினான். பின்மண்டை முடியை எடுத்து முன்மண்டையில் நடுகிற டாக்டர் ஒருவர் அங்கே இருந்தார். நடுவதற்கு முன் தலையை மழித்தாக வேண்டும். மழித்ததற்குக் காரணமோ வீட்டில் முன்கூட்டியே தயார். வழுக்கைக்கு அடியில் இப்படியொரு மூளை இருந்தது அவனுக்கே வியப்புதான்.

வீட்டுக்கு வந்து தொப்பியைக் கழற்றினான். அருணாதேவி கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஏங்க, தலையில சந்தனத்தைக் காணோம்?"

அதை அவன் யோசிக்கவேயில்லை. மொட்டை போட்டவர்கள் யாரும் சந்தனம் பூசாமல் கோயிலை விட்டு வருவதில்லை.

"வேர்வையில வழிஞ்சிருச்சு."

"அதுக்கென்ன, நான் இழைச்சாச்சு!" பக்கத்து வீட்டுச் சுப்புத்தாய் கிண்ணத்தோடு வந்து நின்றாள். "பொண்டாட்டிக்காக முடி கொடுத்த தலை. எந்த ஆம்பள செய்வான்? குனி தம்பி, அப்பி விடுதேன்."

சிவபாண்டி சுவரோடு ஒட்டிக்கொண்டான். பொருக்கு உதிரும்வரை விரல்கூடப் படக்கூடாது, பட்டால் நட்டது கையோடு வந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"தொடாதீக! ஆத்தா உத்தரவு!"

"எந்த ஆத்தா?"

"இருக்கன்குடி ஆத்தாதான். சாமியாடி வாயில வந்து சொன்னா. இந்தத் தலையில தூசி தும்பு படக்கூடாதாம்."

சுப்புத்தாய் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அருணாதேவி போட்டுக்கொள்ளவில்லை. "வேற என்ன சொன்னா?" என்று மட்டும் கேட்டாள்.

டாக்டர் சொன்னதையெல்லாம் அவன் அம்மன் பேரில் ஒப்பித்தான். "படுக்கக்கூடாது. சாஞ்சு உக்காந்துதான் தூங்கணும். வெயில்ல போகக்கூடாது. குனியக்கூடாது. வேர்க்கக்கூடாது."

"தண்ணிக்குடம்?"

"தொடவே கூடாது."

"அப்ப கறியும் ஆகாதுல்ல?"

டாக்டர் கறியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எந்த அம்மன் கறியை விடுவாள்? "ஆகாது" என்றான்.

அன்றைக்கே அருணாதேவி கோழி அடித்தாள். பெண்கள் இருவரும் அவன் எதிரில் உட்கார்ந்து எலும்பைக் கடித்தார்கள். அவன் ரசத்தைக் குடித்துவிட்டு, டாக்டர் கொடுத்த உப்புத் தண்ணீரைத் தலையில் பீச்சிக்கொண்டான்.

"அதென்ன புஸ்ஸு புஸ்ஸுன்னு?"

"தீர்த்தம்."

பிறகு நெற்றி வீங்கி, வீக்கம் இறங்கிக் கண்ணை மூடியது. "ஆத்தா முகத்துலயே வந்து உக்காந்துட்டா" என்று சுப்புத்தாய் வாசலில் வேப்பிலை கட்டினாள். வீக்கம் வடிந்ததும் அரிப்பு. சொறியவும் முடியாது, சொல்லவும் முடியாது. சுவரில் சாய்ந்தபடி பல்லைக் கடித்தான்.

அப்படி இருந்த ஒரு மத்தியானத்தில்தான் வெடிச்சத்தம் கேட்டது. வீட்டுக் கதவு ஆடியது. தெருவே வெளியே வந்து வானத்தில் புகை தேடியது.

"தேவி எங்க?" என்று சிவபாண்டி மனைவியைத் தேடினான்.

"திங்கக்கிழம வேலைக்கு வாறேன்னு சொல்ல, கம்பெனிக்குப் போனா தம்பி" என்றாள் சுப்புத்தாய்.

சிவபாண்டி ஓடினான். தொப்பி இல்லை, செருப்பு இல்லை. வேர்வை தலையிலிருந்து கண்ணுக்குள் இறங்கியது. பாதி வழியில் எதிரே அருணாதேவி நடந்து வந்தாள். "கல்குவாரியில வெடி வச்சிருக்காக. நம்ம பக்கம் ஒண்ணுமில்ல" என்றாள். அவன் ரோட்டோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

அவன் தலையில் படாமல் அவள் முந்தானையைக் குடை மாதிரி பிடித்து அவனை வீட்டுக்குக் கூட்டிவந்தாள். உட்காரவைத்து, தீர்த்த பாட்டிலை எடுத்து, தள்ளி நின்று பதமாகப் பீச்சினாள்.

"எடுத்த இடம் எரியும். வச்ச இடம் அரிக்கும். இல்ல?"

சிவபாண்டி நிமிர்ந்தான். அவள் இடது கையை நீட்டினாள்.

"நானும் இப்படித்தான கெடந்தேன். வந்த அன்னிக்கே பின்மண்டையில புள்ளி புள்ளியா பார்த்தேன்."

"அப்புறம் ஏன்டி கோழி அடிச்ச?"

"எனக்கு நேந்ததா சொல்லிட்டு, உங்களுக்கு முடி நட்டுட்டு வந்தீகளே!"

அவன் தீர்த்த பாட்டிலை வாங்கி மூடியைத் திருகினான்.

"இங்க பாருங்க. ஊரு பூரா ஆத்தா பேரைச் சொல்லியாச்சு. அவளுக்கு ஒரு முடிகூடப் போகல. திங்கக்கிழம நான் அதே அறையில போய் உக்காரணும். பொன்மணி இருந்த இடம் காலியாக் கெடக்கு. சாமிகிட்ட பொய் சொல்லிட்டு என்னால அங்க உக்கார முடியாது. நட்டது எப்ப முளைக்கும்?"

"முழுசா வளர ஒரு வருசம் ஆகும்."

"அடுத்த ஆடி கடைசி வெள்ளிக்குச் சரியா இருக்கும். போய்க் கொடுத்துட்டு வந்திருவோம்."

பொன்மணி பேரைக் கேட்டபிறகு அவனால் மறுக்க முடியவில்லை. ஒரு தடவைதானே, போகட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டான். கொஞ்சம் பெருமையும் வந்தது.

"கொடுத்தா என்ன? திரும்ப வளந்துரும். வேரு சாகாது. ஆயுசுக்கும் வளரும்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"ஆயுசுக்குமா?"

"ஆமா!"

அருணாதேவி எழுந்து, தோல் ஒட்டிய கையையும் ஒட்டாத கையையும் சேர்த்துக் கும்பிட்டாள்.

"கேட்டுக்கோ ஆத்தா. வருசா வருசம்."